பைப்லைன் ஃப்ளோ டைவர்ட்டர்: பிறவியிலேயே தடம் மாறிய மூளை ரத்தக்குழாய்களில் எவ்வளவு நம்பலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கழுத்திலிருந்து மண்டைக்குள் ஏறும் கரோட்டிட் குழாயின் பக்கச்சுவரில், பெரிய கிளை எதுவும் பிரியாத இடத்தில், வாய் அகன்ற, இன்னும் வெடிக்காத அனியூரிசம் (குழாய்ச்சுவர் பலூன் போல் உப்பிய புடைப்பு) என்றால், குழாய்க்குள் வைக்கும் கம்பி வலையான பைப்லைன் அருமையான சாதனம். அதே புடைப்பு பிறவியிலேயே அமைப்பு மாறிய குழாயில் இருந்தால் கதை வேறு. சில அமைப்புகளில் அது வேலையே செய்யாது. சிலவற்றில் வேலை செய்யும், ஆனால் சுற்றியிருக்கும் மூளைக்கு அதனால் வரும் ஆபத்து அதிகம். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ "ஃப்ளோ டைவர்ட்டர் போட்டுவிடலாம்" என்று கேட்டுவிட்டு, ஆஞ்சியோகிராம் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

பொருளை முதலில் கிட்டத்தில் பார்ப்போம். விரல் நுனியில் வைத்தால் ஒரு துண்டு வெள்ளி நூல் போலத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் 48 கம்பிகள் பாய் முடைந்ததுபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவது தெரியும். 36 கம்பிகள் கோபால்ட் குரோமியம். மற்ற 12 பிளாட்டினம் கலந்தவை, எக்ஸ்ரே திரையில் இவைதான் கண்ணுக்குப் படும். விட்டம் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 5 வரை, நீளம் 10 மில்லிமீட்டரிலிருந்து 35 வரை கிடைக்கிறது. குழாய்க்குள் சரியாக விரிந்தால் சுவரில் 30 முதல் 35 விழுக்காடு பரப்பை உலோகம் மூடும். காயில் என்ற மெல்லிய கம்பிச்சுருளைத் தாங்கப் போடும் சாதாரண மூளை ஸ்டென்ட் மூடுவது ஏறக்குறைய 10 விழுக்காடுதான்.

அந்த வித்தியாசம்தான் இதன் சூட்சுமம். காயில் புடைப்புக்குள் இறங்கி அதை நிரப்புகிறது. கிளிப் வெளியிலிருந்து அதன் கழுத்தை நெரிக்கிறது. பைப்லைன் புடைப்பைத் தொடுவதே இல்லை. தாய்க்குழாயின் உள்ளே படுத்துக்கொண்டு புடைப்புக்குள் ரத்தம் சுழன்று பாய்வதைத் தளர்த்துகிறது. உள்ளே தேங்கிய ரத்தம் மெல்ல உறைகிறது, கம்பி வலையின் மேல் குழாயின் உட்தோல் வளர்ந்து வாயை மூடுகிறது. இதற்கு மாதங்கள் பிடிக்கும். அதுவரை புடைப்பு அங்கேயேதான் இருக்கிறது.

2011இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது, கரோட்டிட் குழாயில் வாய் அகன்ற பெரிய புடைப்புகளுக்கு மட்டும். அந்த அனுமதிக்கு அடிப்படையான பஃப்ஸ் ஆய்வில் ஓராண்டில் 86.8 விழுக்காடு, ஐந்தாண்டில் 95.2 விழுக்காடு புடைப்புகள் முழுதாக அடைபட்டன. பெரிய பக்கவாதமோ நரம்பியல் காரணத்தால் மரணமோ நேர்ந்தது 5.6 விழுக்காடு. காயிலால் சமாளிக்க முடியாத புடைப்புகளில் கிடைத்த கணக்கு இது என்பதால் மதிப்பு அதிகம். ஆனால் இந்த எண்களை அப்படியே உங்கள் அறிக்கையோடு பொருத்திவிடாதீர்கள். அவை வழக்கமான அமைப்புள்ள கரோட்டிட் குழாய்க்குரிய எண்கள்.

பிறவி வேறுபாடு உள்ளவர்களுக்கு ஏன் பொருந்தாது? வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கீழ் வயலுக்கு வேறு வாய்க்கால் இருந்தால், மடையை லேசாக அடைத்தாலே போதும், தண்ணீர் அந்த வழியே போய்விடும். அந்த ஒரே மடையை நம்பித்தான் கீழ் வயல் இருக்கிறது என்றால், அடைப்பின் இடுக்குகளிலெல்லாம் தண்ணீர் பீறிட்டுக்கொண்டுதான் இருக்கும். பைப்லைன் மூடும் கிளைக்கு வேறு வழியில் ரத்தம் வருகிறதா, இல்லையா? பிறவி வேறுபாடுகள் எல்லாவற்றிலும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

முதலில் ஃபீட்டல் பி.சி.ஏ. இது அரிதல்ல, பலரிடம் இருக்கும், பலர் தெரியாமலே வாழ்ந்து முடித்திருப்பார்கள். மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய் வழக்கமாகப் பின்னாலுள்ள பேசிலர் குழாயிலிருந்து வரவேண்டும். கருவில் இருந்த அமைப்பு மாறாமல் நின்றுவிட்டால் அது முன்னாலுள்ள கரோட்டிட்டிலிருந்தே, தடித்த பின் இணைப்புக் குழாயாக வரும். அந்தக் கிளை பிரியும் இடத்தில்தான் புடைப்பும் உருவாகும், சில சமயம் கிளையே புடைப்பின் கழுத்திலிருந்து கிளம்பும். இங்கே பைப்லைன் போட்டால், பின்மூளைக்கு வேண்டிய ரத்தம் வலையின் ஊடாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். புடைப்பும் அதோடு சேர்ந்து உயிரோடிருக்கும். இந்த இடத்தில் அடைபடும் விகிதம் குறைவு என்பது பல மையங்களின் அனுபவம். ஒன்று பலிக்கவில்லையென்று அதன் மேல் இரண்டாவது பைப்லைனை வைப்பது எங்கள் கணிப்பில் தவறான திசை. கிளைக்குள் காலை நீட்டிய சாதாரண ஸ்டென்டோடு காயில், அல்லது மண்டையைத் திறந்து கிளிப், இரண்டையும் முதலில் பேசவேண்டும். இந்த இடத்துக்குப் பைப்லைனைப் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்தது உண்மையிலேயே அரிதானது: பெர்சிஸ்டன்ட் டிரைஜெமினல் ஆர்ட்டரி. அறிக்கையில் பி.டி.ஏ. என்று சுருக்கமாக இருக்கும். கரு 4, 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போது முன் குழாயையும் பின் குழாயையும் இணைக்கும் தற்காலிகப் பாலங்கள் சில உண்டு. பின் இணைப்புக் குழாய் வளர்ந்ததும் அவை மறையவேண்டும். மறையாமல் தங்கும் பாலங்களில் அதிகம் காணப்படுவது இதுதான். ஆஞ்சியோகிராம் எடுத்தவர்களில் 0.1 முதல் 0.6 விழுக்காட்டினரிடம் தென்பட்டிருக்கிறது. கண்ணுக்குப் பின்னால், கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தச் சிரைக்குளத்துக்குள் கரோட்டிட்டிலிருந்து பிரிந்து, பின்னோக்கிப் போய்ப் பேசிலரில் சேரும்.

சால்ட்ஸ்மன் என்ற மருத்துவர் 1959இல் வகுத்த பிரிவுகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள், மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் பேசிலரின் மேல்பகுதிக்கான ரத்தம் இந்தப் பாலத்தை நம்பியே இருக்கும். பேசிலரின் கீழ்ப்பகுதியும் பின் இணைப்புக் குழாய்களும் மெலிந்து நூலாக இருக்கும். இரண்டாம் வகையில் பின்மூளைக் குழாய்களுக்குக் கரோட்டிட்டிலிருந்தே ரத்தம் வந்துவிடும், பாலம் சிறுமூளையின் மேல்குழாய்களுக்கு மட்டும் உதவும். இந்த வகை வேறுபாட்டில்தான் ஒருவருடைய மூளைத்தண்டே இருக்கிறது. புடைப்பு பாலத்தின் தண்டிலேயே இருந்து, பாலத்தையே அடைத்துவிடலாம் என்று யோசனை வந்தால், முதல் வகையில் அது பேரழிவு. இரண்டாம் வகையில் கூட, மயக்கம் கொடுக்காமல் பலூனால் தற்காலிகமாக அடைத்து, கை கால் பேச்சு பார்வை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிரந்தரமாக அடைக்கவேண்டும். பலூன் சோதனையில் தேறினாலும் முழு நிம்மதி இல்லை, ஏனென்றால் பாலத்தின் தண்டிலிருந்தே மூளைத்தண்டுக்கு மயிரிழைக் கிளைகள் போகக்கூடும். அவை படத்தில் தெரியாமலே இருக்கலாம்.

புடைப்பு கரோட்டிட்டும் பாலமும் சந்திக்கும் முக்கில் இருந்தால் கரோட்டிட் வழியாகப் பைப்லைன் வைப்பது பலருக்குத் தோன்றும் வழி. மறுபடியும் மடைக் கணக்குதான்: முதல் வகையில் பாலம் ரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், புடைப்பு அடைபடத் தாமதமாகும், அல்லது அடைபடவே செய்யாது. இரண்டாம் வகையில் வாய்ப்பு நன்று. கேவர்னஸ் சைனஸுக்குள் புடைப்பு வெடித்தால் ரத்தம் மூளையைச் சுற்றிப் பரவாமல் சிரைக்குளத்துக்குள் பாய்ந்து, கண் சிவந்து பிதுங்கி, காதுக்குள் இரைச்சல் கேட்கும். அது வேறு விதமான அவசரம், பைப்லைன் மட்டும் போதாது, காயிலும் வேண்டும்.

பேசிலர் குழாயில் ஃபெனஸ்ட்ரேஷன் என்றால், ஒரே குழாய் சற்று தூரம் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்று சேரும். கருவில் இரண்டு குழாய்கள் முழுதாக இணையாததன் தடயம். பிரியும் கவட்டில் குழாய்ச்சுவரின் நடு அடுக்கு பலவீனமாக இருக்கும், ரத்தம் அங்கே மோதிச் சுழலும். புடைப்பு அந்தக் கவட்டில்தான் முளைக்கும். இங்கே பைப்லைனின் சிக்கல் வெளிப்படையானது. ஒரு கிளையில் வைத்தால் மறு கிளையிலிருந்து புடைப்புக்கு ரத்தம் வந்துகொண்டே இருக்கும். பேசிலரிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் நுண்கிளைகளையும் வலை மூடும். காயிலே இங்கே நம்பகமான முதல் தேர்வு. பலூன் துணையோடு செய்தால் இன்னும் நல்லது. முப்பரிமாணப் படம் இல்லாமல் இந்த இரண்டு கிளைகளையும் ஒன்றாக எண்ணிக் காயில் போட்டு, ஒரு கிளையைத் தெரியாமல் அடைத்துவிடும் ஆபத்து உண்டு.

முன்மூளைக் குழாய்கள் இரண்டாக ஓடாமல் ஒன்றாகச் சேர்ந்து ஓடும் அசைகஸ் அமைப்பில் குழாயின் விட்டமே பைப்லைனின் மிகச் சிறிய அளவுக்கு அருகில் வந்துவிடும். அது உறைந்தால் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் போகும். கிளிப் நல்ல அனுபவமுள்ள கையில் இருந்தால் அதையே கேட்போம்.

ஒரு பக்கக் கரோட்டிட் குழாயே பிறவியில் இல்லாதவர்களும் உண்டு. இது மிக மிக அரிது. ஆனால் இவர்களிடம் புடைப்பு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு, ஏனென்றால் ஒரு பக்கம் இருவருக்கான சுமையைச் சுமக்கிறது. பிறவியில் இல்லையா, இடையில் அடைபட்டதா என்று சந்தேகம் வந்தால் ஒரு எளிய வழி: மண்டை அடித்தளத்தின் சி.டி. படத்தில் எலும்பைப் பாருங்கள். குழாய் வரவேயில்லை என்றால் அதற்கான எலும்புத் துளையும் இருக்காது, அல்லது மிகச் சிறுத்திருக்கும். இருக்கும் ஒரே கரோட்டிட்டில் பைப்லைன் வைத்து அது உறைந்தால் பின்வாங்க வழியில்லை. புடைப்பு வெடிக்காமல், சிறியதாக, ஒழுங்கான வடிவில் இருந்தால் இப்படிப்பட்டவர்களுக்குக் கண்காணிப்பையும் கௌரவமான ஒரு சிகிச்சையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியது படம். சி.டி. ஆஞ்சியோ மட்டும் வைத்து ஃப்ளோ டைவர்ட்டருக்குத் தேதி கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொடை அல்லது மணிக்கட்டு வழியாகச் செய்யும் டி.எஸ்.ஏ. ஆஞ்சியோகிராம் வேண்டும், இரண்டு கரோட்டிட்டிலும் பின்பக்கமாக மூளைக்கு ஏறும் இரண்டு முதுகெலும்பு ரத்தக்குழாயிலும் சாயம் செலுத்தியிருக்க வேண்டும், புடைப்பை முப்பரிமாணத்தில் சுழற்றியும் எடுத்திருக்க வேண்டும். பின்பக்கக் குழாய்களில் சாயம் செலுத்தாமல் "பின் இணைப்புக் குழாய் தடித்திருக்கிறது" என்று மட்டும் எழுதிய அறிக்கை பாதி அறிக்கை. அந்தப் படங்களைக் குறுந்தட்டில் கேளுங்கள். அச்சடித்த அறிக்கையை மட்டும் வைத்து இன்னொரு மருத்துவர் கருத்துச் சொல்ல முடியாது.

சாதனத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் வைப்பதிலும் தவறும் இடங்கள் தெரிந்திருப்பது நல்லது. நீளம் புடைப்பின் வாயைவிடக் குறைந்தது 6 மில்லிமீட்டர் அதிகமாக இருக்கவேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. விரியும்போது இது ஏறக்குறைய பாதிக்குச் சுருங்கும். நீளம் போதவில்லையென்றால் ஒரு முனை நழுவிப் புடைப்புக்குள்ளேயே விழுந்துவிடும். பிறகு அதைத் தாண்டி இன்னொன்றை நுழைப்பது பெரும்பாடு. விட்டம் குழாயைவிடப் பெரிதாக எடுத்தால் கம்பிகளின் இடைவெளி அகன்று மூடும் பரப்பு குறையும். கூர்மையான வளைவில் வலை முழுதாக விரியாமல் முறுக்கிக்கொள்ளும். சுவரில் ஒட்டாத இடத்தில் ரத்தம் உறையும். எனவே வைத்து முடித்ததும் மேசையிலேயே சி.டி. போன்ற சுழல் படம் எடுத்து, வலை சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் குழுவை நாடுங்கள். 0.027 அங்குல மைக்ரோ கேத்தீட்டர் வழியாக அதைச் செலுத்துகிறார்கள். அதற்கு வெளியே இன்னொரு இடைக் குழாயும், அதற்கும் வெளியே நீண்ட உறைக் குழாயும் இருக்கும். குழாய்கள் சுருண்டு வளைந்தவர்களுக்கு இந்த இடைக் குழாயின் தரம் பெரிய வித்தியாசம் செய்யும்.

மாத்திரைகள் இந்தச் சிகிச்சையின் பாதி. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து வழக்கமாக 5 முதல் 7 நாட்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். குளோபிடோகிரல் கல்லீரலில் மாறினால்தான் வேலை செய்யும், அந்த மாற்றத்துக்கான மரபணு பலவீனமாக இருப்பது ஐரோப்பியரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் அதிகம். நம் ஊரில் இது சாதாரணமாக எதிர்பார்க்க வேண்டிய விஷயம். ஆகவே பிளேட்லெட் சோதனை செய்துவிட்டுத்தான் உள்ளே அழைத்துப்போக வேண்டும். பல மையங்கள் வெரிஃபைநவ் கருவியில் 60க்கும் 240க்கும் இடையிலான எண்ணை ஏற்கின்றன. மேலே இருந்தால் உறையும், கீழே இருந்தால் கசியும். மருந்து பலிக்காதவர்களுக்கு டிகாக்ரெலர் மாற்று. வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் எடுத்தால் குளோபிடோகிரலின் வேலை குறையும், பான்டோப்ரசோலுக்கு மாற்றச் சொல்லுங்கள். இரட்டை மாத்திரை வழக்கமாக 6 மாதம் வரை, பிறகு ஆஸ்பிரின் நீண்ட காலம்.

இங்கே வாழ்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இரட்டை மாத்திரை எடுக்கும் காலத்தில் டெங்கி வந்தால் பிளேட்லெட் இறங்கும், மாத்திரையும் சேர்ந்து ரத்தப்போக்கு வரலாம். காய்ச்சல் இரண்டாம் நாளே ரத்தப் பரிசோதனை செய்து, மூளைக் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் பைப்லைனுக்குள் ரத்தம் உறையும், நீங்களாகத் தொடர்ந்தால் ரத்தம் கசியும். இரண்டாவது, பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ வேல் குத்திக் காவடி எடுக்கும் நேர்த்திக்கடன் இருந்தால் இரட்டை மாத்திரை முடியும் வரை தள்ளிவையுங்கள். பால்குடம் எடுக்கலாம். பல் பிடுங்குவதாக இருந்தாலும் மாத்திரையை நிறுத்துவதற்கு முன் அழைத்துக் கேளுங்கள்.

புடைப்பு ஏற்கனவே வெடித்தவர்களுக்குப் பைப்லைன் முதல் தேர்வாகாது. இரட்டை மாத்திரை இன்றி அது உள்ளே நிற்காது, வெடித்த மூளைக்கு அந்த மாத்திரையே ஆபத்து. காயில் அல்லது கிளிப்பால் வாயை அடைப்பார்கள். ரத்தக்குழாய் சுருங்காமலிருக்க நிமோடிபின் 60 மில்லிகிராம் நான்கு மணிக்கு ஒருமுறை 21 நாள். வாழ்க்கையில் இதுவரை வராத, நொடியில் உச்சம் தொட்ட தலைவலி என்றால் 999ஐ அழையுங்கள். பனடால் போட்டுப் பார்ப்பது, பக்கத்து கிளினிக்கில் வரிசையில் உட்காருவது எல்லாம் நேர விரயம்.

செலவைப் பற்றி. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டும் மிகக் குறைவு. ஆனால் உள்ளே பொருத்தும் சாதனம் அந்தக் கணக்கில் சேராது. அதற்குத் தொகை கட்டச் சொல்லப்படலாம். கோலாலம்பூர் மருத்துவமனையின் துங்கு அப்துல் ரஹ்மான் நரம்பியல் கழகமானாலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமானாலும், பினாங்கு மருத்துவமனையானாலும், மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் போய் தாபோங் பந்துவான் பெருபாத்தான் விண்ணப்பத்தைக் கேளுங்கள். சுகாதார அமைச்சின் இந்த நிதி சாதனச் செலவுக்கு உதவக்கூடியது. தேதி கிடைத்த பிறகு கேட்டால் தாமதம், மருத்துவர் சாதனத்தின் பெயரைச் சொன்ன அன்றே கேளுங்கள்.

தனியார் மருத்துவமனையில் மருத்துவர் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு, சாதனத்துக்கு இல்லை. எழுத்தில் கேட்கவேண்டியவை: எத்தனை பைப்லைன், எத்தனை காயில், இடைக் குழாய் சேர்த்தா, திறந்தும் சரியாக வைக்க முடியாமல் வெளியே எடுத்த சாதனத்துக்கு யார் பணம் கட்டுவது. கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றாது, பில் வந்த பிறகு அதுதான் மிகப் பெரிய தொகையாக இருக்கும்.

காப்புறுதி உள்ளவர்கள் உத்தரவாதக் கடிதம் கேட்கும் முன் அறிக்கையின் சொற்களைப் படியுங்கள். மலேசிய மருத்துவப் பாலிசிகள் பெரும்பாலும் பிறவிக் குறைபாடுகளை விலக்குகின்றன. "பிறவி வேறுபாட்டால் வந்த அனியூரிசம்" என்று ஒரே மூச்சில் எழுதினால் அந்த விலக்கில் மாட்டும். குழாயின் அமைப்பு பிறவியில் வந்தது. புடைப்பு பிறகு உண்டானது. இரண்டும் இரண்டு வரியில், உண்மையாக, தனித்தனியாக எழுதப்பட வேண்டும். இதில் பொய் எதுவும் இல்லை, மருத்துவரைப் பொய் எழுதச் சொல்லவும் வேண்டாம். மறுத்துவிட்டால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து இறுதிப் பதில் வாங்குங்கள். அதன் பிறகு 2025 ஜனவரி முதல் இயங்கும், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம்.

வைத்த பிறகு 6 மாதத்தில் டி.எஸ்.ஏ. படம். உலோக வலை எம்.ஆர். ஆஞ்சியோவில் நிழல் விழச் செய்யும் என்பதால் முதல் கண்காணிப்பை எம்.ஆரால் முடித்துவிடக் கூடாது. சாயம் புடைப்புக்குள் போய் நெடுநேரம் தங்கி, பிறை நிலவு போல் அடியில் படிந்திருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே சாயமே போகவில்லை என்றால் அடைபட்டுவிட்டது. வழக்கம்போல் பளிச்சென்று நிரம்பி உடனே வடிந்தால், கிளையின் தேவையை முன்கூட்டிக் கணக்கிடாததுதான் பெரும்பாலும் காரணம். அப்போது மாத்திரையைக் குறைக்கும் முன் அடுத்து என்ன என்று பேசவேண்டும். வெளியே வரும்போது கொடுக்கும் சாதன அட்டையைப் பணப்பையில் வையுங்கள். அடுத்த முறை எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில், தாதி முதலில் கேட்பது அதைத்தான்.